திரும்பி வந்து நிற்பது

2024 ஒக்டோபர் 12ஆம் திகதி, சனிக்கிழமை மாலை, பம்பலப்பிட்டியில் காலி வீதியின் நடுவே என்னுடைய கார் நின்றுபோனது. வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதைக் கண்டு ஓரங்கட்டுவதற்குள் பொனற்றின் கீழிருந்து ஆவி கிளம்பிவிட்டது. முதல் நாள்தான் ரேடியேற்றர் வேலைக்காகக் கராஜில் விட்டு, கேட்ட பணத்தை முழுவதும் கொடுத்து எடுத்து வந்திருந்தேன். சூடு தணிந்த பின் திறந்து பார்த்தால், இயந்திரத்துக்குச் செல்லும் றப்பர்க் குழாய் கழன்று தொங்குகிறது. அதை இறுக்கிப் பிடிக்க வேண்டிய கிளிப் முடுக்கப்படவே இல்லை. பஞ்சிகாவத்தைக் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் அந்த ஒரு துண்டுக்காக இயந்திரத்தின் தலைப்பகுதியையே கழற்ற வேண்டியதாயிற்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து பழைய கார்களின் விலை ஏறிய விதத்தை அறிந்தவர்களுக்கு, அதை விற்றுவிட்டு வேறொன்று வாங்குவது ஏன் என்னால் இயலாதிருந்தது என்று விளக்கத் தேவையில்லை.

மறுநாள் மாலை ஆறு மணியளவில், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில், உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் மகன் என்னைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் இருத்தினான். அமெரிக்காவின் டெக்சாஸில், ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் ரொக்கெட்டின் கீழ்ப்பகுதி, ஏறத்தாழ 71 மீற்றர் உயரமான உருளை, ஏவப்பட்ட ஏழு நிமிடங்களில் திரும்பி வந்து கோபுரத்தின் இரண்டு கைகளுக்கு நடுவே நின்றது. இறங்குவதற்கான கால்களைச் சுமந்து செல்லும் பாரத்தை மிச்சப்படுத்தத்தான் அவ்வாறு பிடிக்கிறார்கள் என்று அவன் விளக்கினான். எனக்கோ கழன்ற குழாய்தான் நினைவில் நின்றது. அதைச் சொன்னபோது, "அப்பா, இதே மாதிரி ஒரு ரொக்கெட்டே எரிந்திருக்கிறது" என்றான்.

அவன் சொன்னது 1996 ஜூலை 31இல் நியூ மெக்சிகோவில் நிகழ்ந்தது. நாசா சோதித்த டிசி-எக்ஸ்ஏ என்ற சிறிய ரொக்கெட் நன்றாகவே மேலெழுந்து, நன்றாகவே இறங்கித் தரையைத் தொட்டது. ஆனால் நான்கு கால்களில் ஒன்றை விரிக்க வேண்டிய காற்றழுத்தக் குழாய், புறப்படுவதற்கு முன் இணைக்கப்படாமல் விடப்பட்டிருந்தது. கால் விரியாததால் அது சாய்ந்து விழுந்து, உள்ளிருந்த திரவ ஒட்சிசன் தாங்கி வெடித்து எரிந்தது; அதன் பின் அந்தத் திட்டமே தொடரவில்லை. அன்றிரவு நான் வெகுநேரம் அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வாசிக்க வாசிக்க, இறங்குவதில் வந்த தோல்விகளில் எத்தனையோ இவ்வளவு சிறியவை என்று தெரிந்தது. அதே ஸ்பேஸ்எக்ஸின் ஃபல்கன் 9 ரொக்கெட்டின் கீழ்ப்பகுதி, எரிபொருள் பெரும்பாலும் தீர்ந்து இலேசாகித் திரும்பி வரும்போது, ஒரேயோர் இயந்திரத்தின் மிகக் குறைந்த உந்துதல்கூட அதன் எடையைவிட அதிகம். ஆகவே அதனால் அந்தரத்தில் நின்று நிதானிக்க முடியாது. வேகமும் உயரமும் ஒரே கணத்தில் பூச்சியமாக வேண்டும். 2015 ஜனவரியில் திசைதிருப்பும் தட்டிகளுக்குரிய ஹைட்ரோலிக் திரவம் போதாமல், அது இறங்குவதற்காகக் கடலில் நின்ற கப்பலில் மோதியது. ஏப்ரலில் ஒரு வால்வு தாமதித்ததால் சாய்ந்தது. 2016 ஜனவரியில் மெல்ல இறங்கி நின்ற பின், ஒரு கால் பூட்டிக்கொள்ளாமையால் விழுந்தது. மூடுபனியில் உறைந்த பனிக்கட்டி காரணமாக இருக்கலாம் என்றார்கள். இடையில், 2015 டிசம்பரில், முதன்முறையாகத் தரையில் வெற்றிகரமாக நின்றிருந்தது.

உங்களுக்கும் இப்படி ஏதும் நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

* * *

அண்ணா, என்னுடைய அனுபவம் எரிபொருளைப் பற்றியது. 2022 ஓகஸ்டில், எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, கியூஆர் பங்கீட்டு முறையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான் தந்தார்கள். அம்மாவை வவுனியாவில் பெரியம்மா வீட்டுக்குக் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீற்றர். என் கார் லீற்றருக்குப் பதினான்கு ஓடும். போய்ச் சேரலாம், திரும்ப முடியாது. கொட்டாஞ்சேனையில் மேசையில் இருந்து மூன்று தடவை கணக்குப் போட்டும் விடை மாறவில்லை. காரை அங்கேயே பெரியம்மாவின் மாமரத்தடியில் நிறுத்திவிட்டு ரயிலில் திரும்பினேன். அடுத்த கிழமைப் பங்கைத் தம்பி அங்கே நிரப்பி ஓட்டி வந்தான்.

ஃபல்கன் 9 ஏன் சில தடவை ஏவுதளத்துக்கே திரும்புகிறது, சில தடவை கடலில் கப்பலின் மேல் இறங்குகிறது என்று பின்னர் வாசித்தபோது எனக்கு அந்த மாமரம்தான் நினைவுக்கு வந்தது. பாரம் அதிகமென்றால் திரும்பிவரும் அளவுக்கு எரிபொருள் மிஞ்சாது. அதனால் அது விழும் திசையிலேயே கப்பல் முன்கூட்டிப் போய்க் காத்திருக்கிறது.

* * *

தங்கச்சி, நீங்கள் எழுதியதோடு இதையும் சேர்க்க விரும்புகிறேன். 2018 பெப்ரவரி 6இல், ஃபல்கன் 9 போன்ற மூன்று உருளைகளைச் சேர்த்துக் கட்டிய ஃபல்கன் ஹெவி விண்ணுக்கு ஏற்றிச் சென்றதும் ஒரு காரைத்தான். பக்கத்து உருளைகள் இரண்டும் அருகருகே அழகாக இறங்கின. நடு உருளையில், இயந்திரங்களைப் பற்றவைக்கும் திரவம் தீர்ந்து, இறங்கும்போது எரிய வேண்டிய மூன்று இயந்திரங்களில் ஒன்றுதான் எரிந்தது. அது கப்பலுக்கு ஏறக்குறைய நூறு மீற்றர் தள்ளிக் கடலில் மோதியது.

இப்போது கராஜிலிருந்து காரை எடுக்கும்போது, பொனற்றைத் திறந்தபடியே இருபது நிமிடம் இயந்திரத்தை ஓடவிடும்படி பாஸிடம் கேட்கிறேன். முதல் தடவை அவர் முகம் சுளித்தார். போன மாதம், பதினான்காவது நிமிடத்தில், கீழ்க் குழாயில் ஒரு துளி நீர் திரண்டு நிற்பதை அவரே முதலில் கண்டு, திருப்புளியை எடுத்து வந்தார்.