ஓட்டியதில் சிறந்த கார் எது, மோசமான கார் எது? வன்னி வீதிகளை வைத்து ஒரு வாக்குவாதம்

கனகராயன்குளத்தான்:
கார் பற்றிப் பேச்சு வந்தால் கொழும்பில் ஓட்டுபவர்கள் சொல்வதையே நாமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வன்னியில் ஓட்டியவனுக்குக் கணக்கு வேறு. ஆளுக்கு ஒரு சிறந்த கார், ஒரு மோசமான கார் சொல்லுங்கள். மோசமானது உங்கள் சொந்த அனுபவம் என்றால் நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அதே காரை வைத்துப் பிழைப்பவர்களும் இதை வாசிப்பார்கள்.

என் முதலிடம் ஒஸ்ரின் ஏ40 சோமசெற். 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தில் செய்த கார். 1200 சிசி எஞ்சின், ஸ்ரியறிங் தண்டோடு கியர். 1990களில் வடக்குக்குப் பொருள் வரவிடாத அரசின் தடை இருந்தபோது பெற்றோலைக் கண்ணால் காண்பதே அரிது. அந்தக் காலத்தில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் உயிரோடு இருந்த கார்கள் பெரும்பாலும் இந்த வயதுக்காரர்கள்தான்: ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர். இவை மண்ணெண்ணெய்யில் ஓடும். சிலிண்டருக்குள் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற அமுக்க விகிதம் 7 அளவில்தான் இருக்கும். அதிக அமுக்கத்தில் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முந்தி வெடித்து எஞ்சினைத் தட்டத் தொடங்கும். இன்றைய எஞ்சின்கள் 10க்கு மேல். அவற்றுக்கு மண்ணெண்ணெய் விட்டால் சரிவராது. ஏ40க்குக் காபரேற்றரில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, நன்றாகச் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். சூடு போதாவிட்டால் மண்ணெண்ணெய் ஆவியாகாது, புகைதான் வரும். ஒரு சின்னப் போத்தல் பெற்றோலை வைத்துக்கொண்டு நாட்கணக்கில் ஓடினார்கள். தெற்கிலிருந்து உதிரிப்பாகம் வராது. தேய்ந்ததை லேத் பட்டறையில் கடைந்து போட்டார்கள். பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடிய கார் அது. ஒரு காருக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்?

மோசமானது, சில வருடங்களுக்கு முன் நான் வாங்கிய ஒரு சின்ன ஹைபிரிட், பெற்றோல் எஞ்சினோடு பற்றரி மோட்டரும் சேர்ந்து ஓடும் கார். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே கிரவல் வீதியில் சிவப்பு விளக்கு எரிந்தது, அதோடு கார் நின்றுவிட்டது. மூடியைத் திறந்தால் கை வைக்க ஒரு இடம் இல்லை. லொறியில் ஏற்றித்தான் வவுனியாவுக்குக் கொண்டுபோனேன்.

பரந்தன் சந்தி:
அண்ணை, அந்தக் காலத்தில் ஏ40 ஓட்டியவர்கள்மேல் எனக்கு நிறைய மரியாதை இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்கிற பெருமையெல்லாம் சாரதிக்கும் மெக்கானிக்குக்கும் சேர வேண்டியது. காருக்குக் கொடுக்காதீர்கள். மண்ணெண்ணெய்யில் ஓடும்போது எரியாத எண்ணெய் பிஸ்டன் றிங்குகளைத் தாண்டிக் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணீர் மாதிரி ஆக்கிவிடும். அடிக்கடி ஒயில் மாற்ற வேண்டும், மாற்ற ஒயிலும் கிடைக்காது. எத்தனை எஞ்சின்கள் அப்படியே இறுகிப்போயின! பின்சீட்டில் இருந்த எங்களுக்குக் கண் எரியும், உடுப்பெல்லாம் மண்ணெண்ணெய் மணக்கும்.

மொறிஸ் மைனரையும் சும்மா விட முடியாது. முன் சில்லைத் தாங்கும் கீழ் மூட்டு மரை போட்டு இறுக்கியது. கிறீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் சில்லு மடிந்து கார் மூக்கால் குத்தும். அந்தக் காரை நேசிக்கிற இங்கிலாந்துக்காரர்களே ஒத்துக்கொள்ளும் குறை இது. 16 லட்சத்துக்கு மேல் செய்து விற்ற கார் என்றாலும் குறை குறைதான்.

வீதியோரத்தில் திருத்தலாம் என்று ஒரு காரைப் புகழ்வதே எனக்குப் பிடிபடவில்லை. வீதியோரத்தில் நிற்காத கார்தான் நல்ல கார். என் முதலிடம் ரொயோட்டா கொறோலா 121. 1500 சிசி, வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்க ரைமிங் பெல்ற் இல்லை, செயின். மோசமானது ஒரு பழைய ஐரோப்பிய டீசல் கார்: மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் நடுவில் பெல்ற் அறுந்து, வால்வுகள் பிஸ்டனில் அடித்து வளைந்து, எஞ்சினையே இறக்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகு எந்தக் கார் பார்க்கப் போனாலும் என் முதல் கேள்வி, பெல்றா செயினா என்பதுதான்.

புதுக்குடியிருப்பு ரீச்சர்:
இரண்டு பேரும் எஞ்சினை விட்டு வெளியே வரவேயில்லை. காரை ஓட்டுவது ஆள். என்னைப்போல உயரம் குறைந்த ஒரு பெண் தனியாக மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஓட்ட வேண்டும் என்றால் எந்தக் கார்? என் பதில் சுசுகி அல்ரோ. 796 சிசி, மூன்று சிலிண்டர். மார்கழி வெள்ளத்தில் கிரவல் வீதி கரைந்து சில்லு புதைந்தால், வயலில் நிற்கும் இரண்டு பேரைக் கூப்பிட்டால் தள்ளி ஏற்றிவிடுவார்கள். ஒடுங்கிய மதகுகளில் எதிரே உழவு இயந்திரம் வந்தால் ஒதுங்க இடம் கிடைக்கும். எஞ்சினின் பாரம் முன் சில்லிலேயே இருப்பதால் சேற்றில் இழுக்கும்.

மோசமானது, முன்பு வேலை செய்த இடத்தில் ஓடத் தந்த ஒரு டபிள் கப், இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் திறந்த பெட்டியும் உள்ள பிக்கப். பின்பெட்டி வெறுமையாக இருக்கும்போது பின் சில்லில் பாரமே இல்லை. பாரம் ஏற்றுவதற்கென்று செய்த பட்டை வில் அது; வெறும் பெட்டியோடு ஓடினால் ஒவ்வொரு கிடங்கிலும் துள்ளும். நனைந்த கிரவலில் பிறேக்கை மிதித்தால் பின்பக்கம் தானாகச் சுற்றி வரும். இருக்கையை முழுக்க முன்னே இழுத்தாலும் கிளச் எட்டாது. ஆண்கள் அதைக் கண்டால் ஆசைப்படுகிறார்கள். நான் ஒவ்வொரு நாளும் பயந்து பயந்து ஓட்டினேன்.

ஏ9 சாரதி:
ரீச்சர், நீங்கள் சொன்ன பாரக் கணக்கு சரி. ஆனால் அல்ரோவை முதலிடத்தில் வைக்க நான் விடமாட்டேன். 2014 தொடக்கத்தில் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கெப் அமைப்பு இந்தியாவில் விற்கும் சின்னக் கார்களை 64 கிலோமீற்றர் வேகத்தில் மோதிப் பார்த்தது. காற்றுப்பை இல்லாத அல்ரோ 800க்குப் பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. ராட்டா நனோவுக்கும் அப்படித்தான். வன்னிக்குள்ளால் யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் இரவில் கட்டாக்காலி மாடுகள் வீதி நடுவில் படுத்திருக்கும், கறுத்த மாடு கிட்டப் போகும்வரை தெரியாது. அந்த இடத்தில் அல்ரோவோடு போனால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் ஹயர் ஓடுகிறவன். என் வாழ்க்கையில் சிறந்த வாகனம் டொல்பின் என்று நாங்கள் சொல்லும் ரொயோட்டா ஹையேஸ் வான். 2800 சிசி டீசல். கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு ஆட்களையும் பொதியையும் ஏற்றிக்கொண்டு விடிய விடிய ஓடும், முகம் சுளிக்காது. வவுனியாவில் எந்தக் கடையிலும் பாகம் எடுக்கலாம்.

புதுக்குடியிருப்பு ரீச்சர்:
தம்பி, அதே கணக்கை உங்கள் வானுக்கும் போடுங்கள். டொல்பினில் எஞ்சின் உங்கள் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. முழங்காலுக்கு முன்னால் தகரமும் கண்ணாடியும் மட்டும்தான். மோதினால் நசுங்கித் தாங்குவதற்கு மூக்கு என்று ஒன்று இல்லை. காருக்கென்றாலும் ஊருக்கு வெளியே 70தான் உச்ச வேகம். காப்பெற் போட்ட பிறகு ஏ9இல் அந்த 70ஐ யார் மதிக்கிறார்கள்? நான் 50ஐத் தாண்டுவதில்லை. மாட்டைக் கண்டு நிறுத்த எனக்கு நேரம் இருக்கும்.

நெடுங்கேணியார்:
கார் என்றுதான் கேட்கிறீர்கள், ஆனாலும் நான் உழவு இயந்திரத்தைச் சொல்லாமல் போக முடியாது. 2008, 2009இல் இடம்பெயர்ந்தபோது கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று சனம் போனது உழவு இயந்திரப் பெட்டிகளில்தான். நெல் மூட்டை, கூரைத் தகரம், வயது போனவர்கள், பிள்ளைகள், ஆடு எல்லாம் ஒரே பெட்டியில். மழைக்குள் கார்கள் புதைந்து வழியோரத்தில் விட்டுப்போனதைக் கண்டிருக்கிறேன். பெரிய சில்லு உள்ளது மட்டும் சேற்றைக் கிழித்துக்கொண்டு போனது. கடைசியில் முள்ளிவாய்க்காலில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் வந்தோம். மீள்குடியேறிப் போனபோது கடற்கரைப் பக்கம் துருப்பிடித்த வாகனங்கள் குவியல் குவியலாகக் கிடந்தன. அதற்குள் ஒஸ்ரினும் இருந்தது, ஹையேஸும் இருந்தது.

ஆகவே எது சிறந்தது என்று கேட்டால், எங்கள் குடும்பத்தைச் சுமந்த அந்தச் சிவப்பு மசி பெர்குசன்தான். இதில் நான் யாரோடும் வாதாட வரவில்லை.

பரந்தன் சந்தி:
அண்ணை, அதற்கு ஒருவரும் மறுப்புச் சொல்லமாட்டார்கள்.

முள்ளியவளைக் கராச்:
நெடுங்கேணி அண்ணை சொன்னதற்குப் பிறகு ஹைபிரிட் பற்றி எழுதக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கனகராயன்குளத்து அண்ணை முதல் பதிவில் ஹைபிரிட் பற்றிச் சொன்ன குறைக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் ஹைபிரிட் திருத்துகிறவன், சொல்லியே ஆக வேண்டும்.

ரொயோட்டா அக்வாவை உதாரணமாக எடுங்கள். பெரிய பற்றரி பின்சீட்டுக்குக் கீழே இருக்கிறது. அது ஓடும்போது சூடாகும். குளிரவைக்க ஒரு சின்ன விசிறி காருக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சி அதற்குள் அனுப்புகிறது. காற்றுப் போகும் வாய் பின்சீட்டின் பக்கத்தில், அதில் தூசியைத் தடுக்கும் ஒரு வடி. ஜப்பானில் அந்த வடி வருடக்கணக்கில் துப்புரவாக இருக்கும். வன்னியில் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கிரவலில் ஓடினால் செம்புழுதி அடைத்துவிடும். பலர் அந்த வாயின்மேல் பையையும் துணியையும் வேறு வைக்கிறார்கள். காற்று போகாது, பற்றரி வெந்து, கலங்கள் ஒவ்வொன்றாகச் சாகும். பிறகு சிவப்பு விளக்கு. இதற்குக் காரைக் குறை சொல்வது நியாயமில்லை. மூடியைக் கழற்றி, வடியை எடுத்துத் தட்டிக் கழுவிக் காயவைத்துப் போட்டால் போதும்.

2022ஐயும் மறக்காதீர்கள். எரிபொருள் தட்டுப்பாட்டில் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். லீற்றருக்கு 20 கிலோமீற்றர் ஓடும் ஹைபிரிட்காரர் 400 கிலோமீற்றர் போனார். ஏ40காரர் அதில் பாதி போயிருந்தால் பெரிய விஷயம். மண்ணெண்ணெய் விடலாம் என்பீர்கள். அந்த ஆவணியில் அதுவும் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியது.

மோசமான ஹைபிரிட் இல்லையா என்றால், இருக்கிறது. 2013 கடைசியிலும் 2014இலும் ஹொண்டா நிறுவனமே பிற், வெசல் ஹைபிரிட்களைத் திரும்பத் திரும்ப அழைத்து, இரட்டைக் கிளச் கியர்பெட்டியின் மென்பொருளை மாற்றிக் கொடுத்தது. அதே வருடங்களில் செய்த கார்கள் பாவித்தவையாக இங்கே வந்திருக்கின்றன. வாங்குபவர், அந்தத் திருத்தம் செய்த காரா என்று சேசிஸ் இலக்கத்தை வைத்துப் பார்க்க வேண்டும்.

கனகராயன்குளத்தான்:
தம்பி, நீங்கள் சொன்னது எல்லாம் எனக்குப் பயன். ஆனால் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அந்த வடி அங்கே இருப்பதை எனக்கு யார் சொன்னது? காரோடு வந்த கையேடு ஜப்பானிய மொழியில். திரையில் வரும் எச்சரிக்கையும் ஜப்பானிய மொழியில். விற்றவர் ரேடியோவைப் போட்டுக் காட்டினார், வடியைக் காட்டவில்லை. ஏ40இல் கோளாறு வந்தால் சத்தமோ மணமோ முதலே சொல்லிவிடும், கேட்கத் தெரிந்தவன் நிறுத்துவான். ஓட்டுகிறவனுக்கு விளங்காத மொழியில் பேசும் காரை மோசமான கார் என்றுதான் சொல்வேன். சோமசெற்றை முதலிடத்திலிருந்து இறக்கவும் மாட்டேன்.

பரந்தன் சந்தி:
அது விற்றவரின் குறை, அண்ணை. ஏ40ஐயும் கேட்கத் தெரியாதவன் கையில் கொடுத்தால் பின்னேரத்துக்குள் எஞ்சின் இறுகிவிடும். அதற்கு மட்டும் ஏன் சாரதியைக் குறை சொல்கிறீர்கள், ஹைபிரிட்டுக்கு மட்டும் ஏன் காரை?

கனகராயன்குளத்தான்:
ஏ40க்குக் கேட்கப் பழகுவதற்கு ஊரில் பத்துப் பேர் இருந்தார்கள். ஹைபிரிட்டுக்கு முல்லைத்தீவுப் பக்கம் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

முள்ளியவளைக் கராச்:
காரின் கோளாறை வாசிக்கும் ஸ்கானரோடு நான் இருக்கிறேன், என்னிடம் பழகிய பொடியன்களும் இருக்கிறார்கள். இந்தப் புழுதி வீதியில் ஓடும் ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் சேவிஸுக்கு வரும் ஒவ்வொரு தடவையும் அந்த வடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்று சொல்லும் கராச்சுக்குப் போகாதீர்கள்.