6.9 கர்னலுக்கு மாறிய பிறகு சாட்டா எஸ்எஸ்டி உறைகிறது: டிரைவரில் எங்கே கை வைப்பது?

திண்ணைசர்வர்

வணக்கம். வீட்டில் நாள் முழுக்க ஓடும் ஒரு பழைய மேசைக் கணினியைக் கோப்புச் சேமிப்புக்காக வைத்திருக்கிறேன். அதிலுள்ள 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி மூன்று ஆண்டுகளாக ஒரு தொந்தரவும் தந்ததில்லை. லினக்ஸ் கர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) 6.8-இலிருந்து 6.9-க்கு மாற்றிய நாள் முதல், பத்து நிமிடம் யாரும் பயன்படுத்தாமல் இருந்துவிட்டு ஒரு கோப்பைத் திறந்தால், அரை நிமிடம் அனைத்தும் நின்றுபோய், பிறகு தானாகவே மீள்கிறது. கர்னல் பதிவில் ஒரே நொடியில் ஏழெட்டுக் கட்டளைகள் தோல்வி என்றும், அடுத்து "ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்" என்றும் வருகிறது. 6.8-ஐ பூட் செய்தால் இந்தச் சிக்கல் இல்லை. என்சிக்யூவை (பல கட்டளைகளை ஒரே நேரத்தில் டிஸ்கிடம் ஒப்படைக்கும் வசதியை) அணைத்துவிடுமாறு நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கு சி மொழி தெரியும், ஆனால் கர்னல் நிரலைத் தொட்டதில்லை. ஒட்டுப் போட்டு ஓட்டுவதைவிட டிரைவரிலேயே சரிசெய்யவே விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

பழையகேபிள்

டிரைவரைத் திறக்கும் முன் கேபிளைப் பாருங்கள். டிஸ்க் தன் நலம் பற்றித் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களில் 199-ஆம் எண்ணில் சிஆர்சி பிழைகளின் (வழியில் தரவு சிதைந்த தடவைகளின்) எண்ணிக்கை இருக்கும். ஒவ்வொரு உறைவுக்குப் பிறகும் அது கூடினால் குற்றவாளி கேபிளோ இணைப்பானோதான். கூடவில்லை என்றால் மேலே போகலாம்.

அந்த அரை நிமிடத்துக்குக் காரணம் எளிது. கர்னலில் டிஸ்க் கட்டளைகளை அனுப்பும் ஸ்கசி அடுக்கு ஒரு கட்டளைக்குப் பதில் வரும் என்று இயல்பாக 30 நொடி காத்திருக்கிறது. அதற்குள் வராவிட்டால்தான் சாட்டா டிஸ்குகளைக் கவனிக்கும் லிப்ஏடிஏவின் பிழை கையாளும் பகுதி விழித்து இணைப்பை மீட்டமைக்கிறது. பதிவில் ஏழெட்டுத் தோல்விகள் தெரிவதால் பிழையும் ஏழெட்டு என்று எண்ண வேண்டாம். என்சிக்யூவில் ஒரே நேரத்தில் 32 கட்டளைகள் வரை டிஸ்கிடம் நிலுவையில் இருக்கலாம், இணைப்பு செத்தால் அத்தனையும் ஒன்றாகவே காலாவதியாகும்.

தூங்கும்லிங்க்

"யாரும் பயன்படுத்தாமல் இருந்துவிட்டு" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் துப்பு. வேலை மும்முரமாக நடக்கும்போது வராமல், சும்மா இருந்துவிட்டு எழும்போது மட்டும் வரும் பிழை பெரும்பாலும் இணைப்பின் மின்சிக்கனத்தைச் சார்ந்தது. சாட்டா இணைப்புக்கு பார்ஷியல், ஸ்லம்பர் என்று இரண்டு உறக்க நிலைகள் உண்டு. முதல் நிலையிலிருந்து 10 மைக்ரோநொடிக்குள்ளும், இரண்டாவதிலிருந்து 10 மில்லிநொடிக்குள்ளும் எழுந்தாக வேண்டும் என்பது விதி. சில எஸ்எஸ்டிகளின் ஃபர்ம்வேர் (உள்ளமை மென்பொருள்) தூங்கப் போகிறேன் என்று ஒப்புக்கொண்டு போகும், ஆனால் எழாது.

2024 மே மாதம் வெளியான 6.9-இல் இதற்கு நேர்த் தொடர்புடைய மாற்றம் ஒன்று உண்டு. அதற்கு முன்பு, குறிப்பிட்ட பட்டியலில் இருந்த, பெரும்பாலும் லேப்டாப்புக்கான ஏஹெச்சிஐ (சாட்டா) கட்டுப்படுத்திகளுக்கு மட்டுமே இயல்பான மின்சிக்கனக் கொள்கை பொருந்தியது, 6.9-இல் அந்தப் பாகுபாட்டை நீக்கிவிட்டார்கள். உங்கள் மேசைக் கணினியின் டிஸ்க் வாழ்க்கையில் முதன்முறையாகத் தூங்கச் சொல்லப்பட்டிருக்கலாம். கர்னலின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்-இல் ஸ்கசி ஹோஸ்ட் அடைவுக்குள் இருக்கும் லிங்க் பவர் மேனேஜ்மென்ட் பாலிசி கோப்பில் "மேக்ஸ் பெர்ஃபார்மன்ஸ்" என்று எழுதிவிட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்கள். என்சிக்யூவை அணைப்பது வேறு நோய்க்கான மருந்து. அதனால் டிஸ்கின் வேகம்தான் குறையும்.

திண்ணைசர்வர்

199-ஆம் எண் பூஜ்யத்திலேயே நிற்கிறது. கொள்கையை மாற்றி 20 மணி நேரம் ஆகியும் ஓர் உறைவும் இல்லை. மிக்க நன்றி. ஆனால் இதை நிரூபிக்க கிட் பைசெக்ட் (சிக்கலைக் கொண்டுவந்த மாற்றத்தைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுவது) செய்ய வேண்டுமா? 6.8-க்கும் 6.9-க்கும் இடையே ஆயிரக்கணக்கான கமிட்டுகள் (பதிவான நிரல் மாற்றங்கள்) இருக்கின்றனவே.

பழையகேபிள்

ஒவ்வொரு சுற்றிலும் பாதி கழிந்துவிடுவதால் 14 சுற்று அளவில் முடிந்துவிடும். ஏடிஏ டிரைவர் அடைவை மட்டும் பாதையாகக் கொடுத்தால் இன்னும் பாதிக்கும் கீழே. ஆனால் குற்றவாளி அந்த அடைவுக்கு வெளியே, பிளாக் அடுக்கிலோ பிசிஐ பக்கத்திலோ இருந்தால் பைசெக்ட் தவறான கமிட்டைக் கை காட்டும். ஆகவே முடிவில் கிடைத்த கமிட்டை மட்டும் திருப்பி எடுத்துவிட்டு 6.9-ஐக் கட்டி ஓட்டிப் பார்க்காமல் நம்பாதீர்கள். உங்களுக்குச் சுற்றுக்கு ஒரு மணி நேரக் காத்திருப்பு வேண்டியிருக்கும், பத்து நிமிடத்தில் "நல்லது" என்று முத்திரை குத்தினால் எல்லாம் வீண்.

தூங்கும்லிங்க்

திருத்தம் என்று பார்த்தால் ஒரே ஒரு வரிதான். லிப்ஏடிஏ கோர் கோப்பில் ஒழுங்காக நடக்காத டிஸ்குகளின் அட்டவணை ஒன்று உள்ளது. ஒவ்வொரு வரியிலும் மாடல் பெயர், ஃபர்ம்வேர் எண், சலுகைக் கொடி என மூன்று கட்டங்கள். நோஎல்பிஎம் (இணைப்பு மின்சிக்கனம் வேண்டாம்) கொடியை இட்டால் அந்த டிஸ்க் இருக்கும் இணைப்பு மட்டும் உறங்காது, மற்றவை வழக்கம்போல் மின்சாரத்தை மிச்சப்படுத்தும். (முன்பு இக்கொடிகளுக்கு ஹார்கேஜ் என்று பெயர், 2024-இல்தான் க்விர்க் என்று நாகரிகப்படுத்தினார்கள்.) அந்த ஆண்டிலேயே வேறு சில எஸ்எஸ்டி மாடல்கள் இதே காரணத்துக்காக இந்த அட்டவணையில் ஏறியுள்ளன, ஆகவே நீங்கள் அனுப்பும் பேட்சை (திருத்தக் கோப்பை) பார்த்து யாரும் வியக்கப் போவதில்லை.

திண்ணைசர்வர்

பைசெக்டும் நீங்கள் சொன்ன மாற்றத்திலேயே வந்து நின்றது. அதைத் திருப்பினால் சிக்கல் போகிறது. வரியை எழுதிவிட்டேன். 480 ஜிபி வைத்திருப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று மாடல் பெயரில் கொள்ளளவு வரும் இடத்தில் நட்சத்திரக் குறி இட்டிருக்கிறேன். சரிதானே?

தூங்கும்லிங்க்

அதை எடுத்துவிடுங்கள். அதே வரிசையின் 480 ஜிபி டிஸ்கில் வேறு கட்டுப்படுத்திச் சில்லு இருக்கக்கூடும். நீங்கள் சோதிக்காத டிஸ்கைத் தண்டிப்பது நியாயமில்லை. ஹெச்டிபார்ம் கருவி காட்டும் பெயரை எழுத்து மாறாமல் இடுங்கள். ஃபர்ம்வேர் கட்டத்தை நல் (வெற்று) என்று விடலாம், ஏனெனில் எந்தப் பதிப்பில் சரியாகிறது என்பதற்கு நம்மிடம் ஆதாரம் இல்லை. பேட்சின் விளக்கத்தில் உறைவின்போது வந்த கர்னல் பதிவை ஒட்டி, பைசெக்டில் கிடைத்த கமிட்டை, எதைத் திருத்துகிறது என்று காட்டும் ஃபிக்ஸஸ் வரியில் குறித்து, வெளியான கர்னல்களைப் பராமரிப்பவர்களின் ஸ்டேபிள் மடல் பட்டியலையும் சிசியில் சேருங்கள். இல்லாவிட்டால் உங்கள் திருத்தம் அடுத்த கர்னலில் மட்டும் இருக்கும், பராமரிப்பில் உள்ள பழைய கர்னல் வைத்திருப்பவர் உறைந்துகொண்டே இருப்பார். அனுப்பும் முன், பேட்சின் எழுத்து நடையைச் சரிபார்க்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்டை ஓட்டிவிடுங்கள். முதல் பேட்ச் டேப்-ஸ்பேஸ் குழப்பத்தில் திரும்பி வந்த அனுபவம் எனக்கு உண்டு.