பேக்கப் கருவிக்கு மாஸ்காட்: யானையை வைத்துக்கொண்டு முழிக்கிறோம், உதவி தேவை

கேள்வி
வணக்கம். ஐந்து பேர் சேர்ந்து ஒரு திறமூல பேக்கப் கருவி எழுதுகிறோம். மாஸ்காட் (கருவியின் அடையாளமாக வைக்கும் உருவம்) பேச்சு தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. அதற்குள் வந்த கமிட் (நிரலில் பதிந்த மாற்றம்) நான்கே நான்கு. எதையும் மறக்காத விலங்கு என்று வாக்கெடுப்பில் யானை வென்றது. நண்பர் ஒருவர் அழகாக வரைந்தும் கொடுத்துவிட்டார். ஆனால் பிரவுசர் டேபில் போட்டால் சாம்பல் நிற உருளைக்கிழங்கு மாதிரி தெரிகிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில் 1
நேராக நம்மைப் பார்க்கும் யானையா? அப்படியானால் தும்பிக்கை முகத்தோடு கலந்துவிடும். படத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பி, 16-க்கு 16 பிக்சலாகச் சுருக்கிப் பாருங்கள். வெளிக்கோட்டை வைத்தே இன்ன விலங்கு என்று சொல்ல முடிய வேண்டும். ரஸ்ட் நிரல்மொழியின் மாஸ்காட்டான நண்டு, கொடுக்கை வைத்தே தப்பித்துவிடும்.

அப்புறம், யானைக்கூட்டம் ஏற்கனவே பெரிது: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், பிஎச்பி நிரல்மொழி, பெருந்தரவுக்கான ஹடூப், மூன்றுக்குமே யானைதான். டேட்டாபேஸையும் பேக்கப் எடுக்கும் கருவி என்றால், போஸ்ட்கிரெஸின் துணைக்கருவி என்றே நினைப்பார்கள்.

பதில் 2
அதெல்லாம் இருக்கட்டும், நண்பர் எந்த உரிமத்தில் கொடுத்தார்? நாங்கள் கேட்காமல் விட்டு மாட்டிக்கொண்டோம். வரைந்தவரின் மின்னஞ்சல் செயலிழந்துபோக, கடைசியில் லோகோவையே தூக்க வேண்டியதாயிற்று. கோ நிரல்மொழியின் மாஸ்காட்டான கோஃபரை (வளை தோண்டும் கொறிவிலங்கு), அதை வரைந்த ரெனே பிரெஞ்ச் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டிருக்கிறார். அதனால்தான் அவரவர் அதற்குப் புதுப்புது வேஷம் போட முடிகிறது. மறுபக்கம், லோகோ உரிமமும் வர்த்தகக்குறி விதிகளும் ஒத்துவராமல், டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் 2006 முதல் 2016 வரை ஃபயர்ஃபாக்ஸை ஐஸ்வீசல் என்ற பெயரில்தான் கொடுத்தது.

கேட்டவர்
உரிமம் பற்றி யோசிக்கவே இல்லை! இனி எது வரைந்தாலும் சிசி-பை (வரைந்தவர் பெயரைச் சொல்லி யாரும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம்) என்று நண்பர் எழுதிக் கொடுத்துவிட்டார், ரெப்போவில் (நிரல் களஞ்சியத்தில்) சேர்த்தாயிற்று. யானையை விட்டுவிடுகிறோம். அணில் எப்படி? கொட்டைகளைச் சேமித்து வைக்குமே.

பதில் 1
வைக்கும். வைத்த இடங்களில் சிலவற்றை மறந்தும்விடும். பேக்கப் கருவிக்கு இது நல்ல விளம்பரமா?

கிளார்க்ஸ் நட்கிராக்கர் என்று காக்கைக் குடும்பத்தில் ஒரு பறவை உண்டு. ஒரு பருவத்தில் பல்லாயிரம் பைன் விதைகளைப் புதைத்துவிட்டு, மாதங்கள் கழித்தும் பெரும்பாலானவற்றைத் தேடி எடுத்துவிடும். சாம்பல் உடல், கறுப்பு இறக்கை, நீளமான கூர் அலகு. பக்கவாட்டில் வரையச் சொல்லுங்கள்.

கேட்டவர்
வரைந்து சுருக்கியும் பார்த்தோம். 16 பிக்சலிலும் அலகு பளிச்சென்று தெரிகிறது! "இது காக்காதானே?" என்றார் ஒருவர். காக்காவுக்குச் சொந்தக்காரர் என்று சொல்லிச் சமாளித்தோம். நான்கு பேருக்குச் சரி. ஐந்தாமவர் மட்டும் இன்னும் யானைக்கே வாதாடிக்கொண்டிருக்கிறார்.