கும்பகோணம் ஒரே நாளில்: விளக்கு, சிலை, பட்டு, டிகிரி காபி, கொழுந்து வெற்றிலை. எந்த வரிசையில் போகலாம்?

கேள்வி: வடபழனிவாசி

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம் வருகிறோம். பெரியவர்கள் நாலு பேர், பிள்ளைகள் ரெண்டு பேர், ஒரு வேன். இந்தத் தடவை கோயில் முக்கியமில்லை; கைத்தொழில், கடைத்தெரு, சாப்பாடு மட்டும்தான். மனசில் இருக்கிற பட்டியல் இது: நாச்சியார்கோயிலில் 3 அடிக் குத்துவிளக்கு, சுவாமிமலையில் சிலை வார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சின்னதாக ஒரு நடராஜர், திருபுவனத்தில் ஒரு பட்டுப் புடவை, நடுவில் காபியும் இட்லிக்குத் தொட்டுக்கொள்கிற கடப்பாவும், கிளம்பும்போது வெற்றிலை. நடராஜர் சிங்கப்பூரில் இருக்கிற தங்கைக்கு. ஒரே நாளில் முடியுமா? விளக்கிலும் சிலையிலும் ஏமாறாமல் இருக்க எதைப் பார்க்க வேண்டும்?

பதில் 1: குடமுருட்டி

ஞாயிறு என்பதில்தான் சிக்கல். கடப்பா ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பலகாரம், மற்ற நாளில் தேடித்தான் பிடிக்க வேண்டும். பட்டறைகளுக்கோ ஞாயிறு பெரும்பாலும் லீவு. சனிக்கிழமை காலையே வந்து இறங்குங்கள்: சனி முழுக்கப் பட்டறைக்கு, ஞாயிறு காலை வாய்க்கு. அமாவாசையா என்று காலண்டரையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், கம்மாளர் பட்டறைகள் பலவற்றில் அன்றைக்கும் வேலை இருக்காது.

ஊரிலிருந்து மூன்றும் மூன்று திசை. சுவாமிமலை மேற்கே சுமார் 8 கி.மீ., நாச்சியார்கோயில் தென்கிழக்கே குடவாசல் ரோட்டில் சுமார் 10 கி.மீ., திருபுவனம் மயிலாடுதுறை ரோட்டில் சுமார் 8 கி.மீ. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக பெரும்பாலும் ஊர்ப்பக்கம் வந்துதான் திரும்ப வேண்டியிருக்கும். காலை 9 மணிக்குச் சுவாமிமலை. 12 மணிக்குள் கிளம்பி ஊரில் சாப்பாடு. 3 மணிக்கு நாச்சியார்கோயில். திருபுவனத்தை மாலை 6 மணிக்குமேல் வைக்காதீர்கள், ட்யூப்லைட் வெளிச்சத்தில் பட்டின் நிறம் தெரியாது. முடியாவிட்டால் ஞாயிறு கடப்பாவுக்குப் பிறகு, கடை உண்டா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. சுவாமிமலையில் உலோகம் ஊற்றுவது தினமும் நடக்காது. அச்சுகள் சேர்ந்த பிறகுதான் அடுப்பு மூட்டுவார்கள். "இன்றைக்கு வார்ப்பு உண்டா?" என்று முதல் நாளே போனில் கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம். வார்ப்பு இல்லாத நாளில் மெழுகு வேலையும் அர வேலையும் பார்க்கலாம். என்னைக் கேட்டால் பிள்ளைகளுக்கு அதுதான் சுவாரசியம், ஊற்றுவது சில நிமிஷத்தில் முடிந்துவிடும்.

பதில் 2: வார்ப்புத்தூசி

சிலையில் ஏமாறாமல் இருக்க, அது எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் போதும்.

தென்னங்கீற்றில் ஒரு துண்டைச் சிலையின் உயரத்துக்கு வெட்டி, தாளக் கணக்குப்படி, அதாவது சிலையின் உடல் அளவு விகிதப்படி, மடிப்பார்கள். முகம், கழுத்து, மார்பு, தொடை எல்லாம் அந்த மடிப்புக் கணக்குத்தான். ஸ்கேல் கிடையாது. தேன்மெழுகோடு குங்கிலியம் என்கிற மரப்பிசின், கொஞ்சம் கடலை எண்ணெய் சேர்த்துக் காய்ச்சி வடிகட்டிய மெழுகில் உருவம் பிடிப்பார்கள். குங்கிலியம் கூடினால் விரல் நுனி, திருவாசி (சிலையைச் சுற்றிய வளைவு) சுடர் போன்ற மெல்லிய இடங்கள் பட்டென்று ஒடியும். குறைந்தால் வெயில் நேரத்தில் கை தொங்கிவிடும். அதனால்தான் பக்கத்தில் எப்போதும் ஒரு சட்டித் தண்ணீர் இருக்கும், பிடித்த பாகத்தை உடனே அதில் போட்டுவிடுவார்கள்.

அதன்மேல் காவிரி வண்டல் மண் பூச்சு. முதல் பூச்சுக்கு உமிக்கரி கலந்த மிக நைசான மண். மெழுகின் நகக்கீறல்கூட இதில்தான் பதியும். அடுத்தடுத்து மணல் கலந்த முரட்டு மண், பிறகு இரும்புக் கம்பிக் கட்டு. எல்லாம் நிழலில்தான் காய வேண்டும். வெயிலில் வைத்தால் மண் வெடிக்கும், உள்ளே மெழுகு இளகும். காய்ந்த அச்சை வறட்டித் தீயில் சுட்டால் மெழுகு உருகித் துளை வழியே வெளியே வந்துவிடும். மெழுகை முன்பே எடை போட்டு வைத்திருப்பார்கள்: ஒரு கிலோ மெழுகுக்கு 8 முதல் 10 கிலோ உலோகம். வெண்கலம் மெழுகைவிட ஏறக்குறைய ஒன்பது மடங்கு கனம், கணக்கு அங்கேதான் வருகிறது. அச்சில் துளி ஈரம் இருந்தாலும் ஊற்றும்போது ஆவி கிளம்பி உலோகம் தெறிக்கும். அச்சு ஆறிப்போயிருந்தால் உலோகம் விரலுக்குப் போகும் முன்னே உறைந்துவிடும். ஊற்றுகிற நேரத்தில் பிள்ளைகளைத் தள்ளியே நிறுத்துங்கள். ஆறியதும் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும், ஒரு அச்சுக்கு ஒரு சிலை.

இனி கடையில். சிலையின் விலாப்பக்கத்தில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடு ஓடினால், அது இரண்டு பாதி அச்சில் எடுத்த மணல் வார்ப்பு. அது கெட்ட பொருள் என்று சொல்லவில்லை, ஆனால் மெழுகு வார்ப்பு விலை கொடுக்காதீர்கள். ஒரே கடையில் ஒரே அளவு நடராஜர் இரண்டை எடுத்து, ஜடையின் பிரிவுகளையும் காலடியில் கிடக்கிற முயலகன் முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால் மெழுகும் அச்சில் எடுத்ததுதான், கையால் பிடித்ததில்லை. பீடத்தைக் கவிழ்த்துப் பாருங்கள்: குழிகளில் வேறு நிறத்தில் ஏதாவது அடைத்திருக்கிறதா? காற்றுக்குமிழி விழுந்த இடத்தை மறைக்கிற வேலை அது. பஞ்சலோகம் என்ற சொல்லுக்காக விலை ஏற்றினால் கேள்வி கேளுங்கள். பெரும்பகுதி செம்பு, பிறகு பித்தளை, கொஞ்சம் ஈயம். தங்கமும் வெள்ளியும் சேர்க்கிறவர்கள் பெயருக்கு ஒரு பொட்டுத்தான் சேர்ப்பார்கள், அதுவும் பெரும்பாலும் கேட்டவர் கொடுத்ததாக இருக்கும்.

விளக்குக்கு வருவோம். நாச்சியார்கோயில் விளக்குக்குப் புவிசார் குறியீடு உண்டு. இது மெழுகு வேலையில்லை: பெட்டியில் வண்டல் மண் அடைத்து மாதிரியைப் பதித்து, உருக்கிய பித்தளையை ஊற்றி, பிறகு கடைசல் போடுவது. அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னமோ பிரபையோ எல்லாம் தனித்தனியாக வார்த்துத் திருகிச் சேர்ப்பார்கள். அதனால் கோளாறும் திருகில்தான் வரும். வாங்குமுன் முழுக்கக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு திருகும் கையாலேயே கடைசிவரை போக வேண்டும். சணலோ நூலோ சுற்றி இறுக்கியிருந்தால் மரை சரியில்லை, கொஞ்ச நாளில் ஆட ஆரம்பிக்கும். தண்டைக் கழற்றியதும் உள்ளே பாருங்கள். விலை கிலோ கணக்கு என்பதால் குழல் தண்டுக்குள் வேறு எதையாவது நிரப்பி எடை ஏற்றுகிறவர்கள் உண்டு. விரலால் சுண்டினால் நல்ல தண்டு கணீர் என்கும், அடைத்தது டொக் என்கும்.

தட்டில் ஊசித்துளை இருக்கலாம். தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் தெரியாது, எண்ணெய் ஊற்றி அடியில் ஒரு பேப்பரை வைத்து அரை மணி விடுங்கள். அந்த நேரத்தில் பட்டறையைச் சுற்றிப் பார்த்துவிடலாம். பளபளவென்று கண்ணாடி மாதிரி மின்னுகிற விளக்கு என்றால் லாக்கர் (வார்னிஷ் மாதிரி) பூச்சு இருக்கும். ஷோகேஸுக்குச் சரி. ஏற்றுகிற விளக்கென்றால், சூடு பட்டதும் திரி எரிகிற முகத்துக்குப் பக்கத்தில் அது கருகித் திட்டுத் திட்டாகும், தேய்த்தாலும் போகாது. பூச்சு இல்லாததைக் கேளுங்கள். வீட்டில் புளி போட்டுத் தேய்த்தபின் திருகை ஈரம் போகத் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு மாட்டினால் களிம்பு பிடித்து இறுகாது.

பதில் 3: இரண்டாம் டிகாக்ஷன்

மேலே இருவரும் சோற்றை மறந்துவிட்டார்கள்.

நெடுஞ்சாலை நெடுக 'கும்பகோணம் டிகிரி காபி' போர்டும் பித்தளை டம்ளரும் இருக்கும். டம்ளர்தான் பித்தளை; காபி பல இடத்தில் காலையில் இறக்கிய டிகாக்ஷனை மாலைவரை சூடுபடுத்தியது. சங்கதி பாலில் இருக்கிறது. தண்ணீர் கலக்காத பசும்பால், ஒருமுறை மட்டும் பொங்கக் காய்ச்சியது. லாக்டோமீட்டரில் டிகிரி பார்த்து வாங்கிய பால் என்பதால் இந்தப் பெயர் என்பார்கள், வேறு கதைகளும் உண்டு. பிள்ளைகள் இருப்பதால் 'அரை சர்க்கரை' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கலந்தபின் குறைக்க முடியாது.

வீட்டுக்குப் பொடி வாங்கினால் அப்போதே அரைக்கச் சொல்லி, சிக்கரி எவ்வளவு என்று நீங்களே சொல்லுங்கள். 100க்கு 15 என்றால் வாசனையும் நிற்கும், நிறமும் வரும். 30 போட்டால் கறுப்பாக இறங்கும், கசப்புத்தான் மிச்சம். ரொம்ப நைசாக அரைத்தால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். பொடியை அழுத்தாமல் லேசாகச் சமப்படுத்தி, கொதி அடங்கிய தண்ணீரைச் சுற்றிலும் ஊற்றி, இறங்கும்வரை தட்டாமல் விட வேண்டும். தட்டினால் பொடியும் சேர்ந்து இறங்கும்.

கடப்பா: ஞாயிறு 7 மணியிலிருந்து 9 மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் தீர்ந்துவிடும். இட்லிக்குத்தான் அது. பார்வைக்கு வெளிறிய குருமா மாதிரி இருக்கும், தக்காளி கிடையாது. ஆறு பேருக்கு வீட்டில் வைக்க: அரை கப் பயத்தம்பருப்பைக் குழைய வேக வைத்து, மூன்று உருளைக்கிழங்கை வேக வைத்து உதிர்த்துக்கொள்ளுங்கள். அரை கப் தேங்காய், ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை, ஒரு தேக்கரண்டி சோம்பு, ஒரு தேக்கரண்டி கசகசா, ஆறு பச்சைமிளகாய், நாலு பல் பூண்டு சேர்த்து மையாக அரையுங்கள். பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை தாளித்து, வெங்காயத்தைச் சிவக்காமல் வதக்கி, பருப்பையும் கிழங்கையும் தண்ணீரோடு கொதிக்க விட்டு, விழுதைக் கடைசியில் சேர்த்து ஐந்து நிமிஷத்தில் இறக்குங்கள். பொட்டுக்கடலை போடுவதால் ஆற ஆற இறுகும், கொஞ்சம் நீர்க்கவே இறக்க வேண்டும். எலுமிச்சை அடுப்பை அணைத்தபின்தான். ஆனால் தங்கை சிங்கப்பூரில் வைத்துப் பார்ப்பதாக இருந்தால் கசகசாவைப் பெட்டியில் வைக்க வேண்டாம், அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். முந்திரி நாலைந்து போட்டுக்கொள்ளலாம்.

வடபழனிவாசி

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டோம். நடராஜரை விமானத்தில் எடுத்துப் போவது, வெற்றிலை, ரசம் வைக்கிற ஈயச்சொம்பு இந்த மூன்றைப் பற்றியும் யாராவது சொல்லுங்களேன்.

பதில் 4: அரசலாறு

சிலை: 100 வருஷம் தாண்டிய சிலை 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது. புதுச் சிலைதான் என்று சுங்கத்தில் நிரூபிக்க வேண்டியது நீங்கள். இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்று சான்றிதழ் வாங்குவதே பத்திரம். பட்டறையிலேயே வழிமுறை சொல்வார்கள், பயணத்துக்கு முன் அதற்கு நாள் ஒதுக்குங்கள். பில்லில் உயரம், எடை, புதிதாகச் செய்தது என்ற விவரம் எல்லாம் இருக்கட்டும். பச்சைக் களிம்பு ஏற்றிப் பழசாகக் காட்டுகிற 'ஆண்டிக் ஃபினிஷ்' வேண்டவே வேண்டாம், வம்பை விலைக்கு வாங்குவது அது. தமிழக அரசின் பூம்புகார் கைவினைப்பொருள் நிறுவனத்துக்குச் சுவாமிமலையில் உற்பத்தி நிலையம் இருக்கிறது; தனிப் பட்டறைகளுக்குப் போகுமுன் அங்கே விலை கேட்டுக்கொண்டால் பேரம் பேசத் தைரியம் வரும்.

ஈயச்சொம்பு: கும்பேஸ்வரர் கோயில் வாசல் மண்டபத்திலும் பெரிய கடைத்தெருவிலும் பாத்திரக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வெள்ளீயம்தான் (டின்) வேண்டும், காரீயம் (லெட்) விஷம். வெள்ளைத் தாளில் அழுத்தித் தேயுங்கள், பென்சில் மாதிரி கறுப்பாகக் கோடு விழுந்தால் காரீயக் கலப்பு. அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். வீட்டில் ரசத்தை ஊற்றிய பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், வெறும் சொம்பை வைத்தால் அடி ஒழுகிப் போகும்.

பட்டு பற்றி யாரும் சொல்லவில்லை: திருபுவனத்தில் கூட்டுறவுச் சங்கக் கடைக்குப் போய் அசல் பட்டு என்பதற்கான சில்க் மார்க் ஹோலோகிராம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், போதும்.

வெற்றிலையைக் கடைசியாக வாங்குங்கள், அதுவும் காலையில். தாராசுரம் காய்கறி மார்க்கெட்டை ஞாயிறு விடியலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தால் சரியாக இருக்கும். இங்கே கவுளி என்றால் 100 இலை. ஊருக்கு ஊர் கணக்கு மாறும் என்பதால் கேட்டுவிட்டே பணம் கொடுங்கள். கொழுந்து என்றால் இளம்பச்சை, மெல்லிசு, காம்பைக் கிள்ளினால் நார் இழுக்காமல் ஒடியும். கட்டின் வெளிவட்டத்தில் நல்ல இலையும் நடுவில் முற்றலும் வைப்பது பழைய வித்தை, நடுவிலிருந்து இரண்டை உருவிப் பாருங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் சென்னை போவதற்குள் புழுங்கி அழுகும். ஈர வாழையிலையில் சுற்றி, மேலே நனைத்துப் பிழிந்த துணி. ராத்திரி பிரித்து, கறுத்த இலை இருந்தால் எடுத்துப் போடுங்கள், ஒன்று கெட்டால் பக்கத்து இலைக்கும் தொற்றும்.