குழந்தைகள் தொட்டு விளையாடும் அருங்காட்சியகம்: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

அம்மாப்பேட்டை தறிக்காரர்:

பேரன் நடை பழகும் பருவத்தில் நானும் வீட்டுக்காரம்மாவும் பாஸ்டனில் மகள் வீட்டில் இருந்தோம். பனிக்காலம். பிள்ளையை வெளியே விடவும் முடியாது, வீட்டுக்குள் அடைத்து வைக்கவும் முடியாது. அந்த ஊர்க் குழந்தைகள் அருங்காட்சியகத்துக்கு அடிக்கடி போனோம். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம்.

1913இல் தொடங்கிய இடம் அது. முதலில் அங்கேயும் பொருள்கள் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் இருந்தன. 1962இல் மைக்கேல் ஸ்பாக் இயக்குநராக வந்தார். குழந்தை வளர்ப்பைப் பற்றி எழுதிப் பெயர் பெற்ற டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக்கின் மகன். பிள்ளைகள் தொட்டு, திருகி, ஏறி இறங்கிப் பார்க்கிற மாதிரி அந்த இடத்தை மாற்றியவர் அவர்தான்.

மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உள்ளே ‘பிளேஸ்பேஸ்’ என்று தனிப் பகுதி. பெரிய பிள்ளைகள் ஓடி வந்து மோதும் பயம் இல்லை. தவழும் குழந்தைக்கு ஓர் இடம், ஏறி இறங்க மரவீடு, தள்ளி விளையாட ரயில். எனக்கு ரொம்பப் பிடித்தது வர்ணம் தீட்டும் கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் பேரன், இந்தப் பக்கம் தரையில் நான். தூரிகையை நீலத்தில் முக்கி நேராக என் மூக்கு இருக்கும் இடத்தில் வைத்தான். தலையை நகர்த்தினேன், தூரிகையும் நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் என் முகமே தெரியாத அளவுக்கு நீலம். உடனே சுவரைச் சுற்றி ஓடி வந்து என் கன்னத்தைத் தடவினான். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். ஒன்றும் ஒட்டவில்லை. திரும்ப அந்தப் பக்கம் ஓடினான், மறுபடி பூசினான், மறுபடி வந்து தடவினான். இன்னும் பேச்சு வராத குழந்தை, கண்ணாடி என்றால் என்ன என்று தானே சோதித்துக் கண்டுபிடிக்கிறது! நடுவில் ‘அது கண்ணாடிடா தங்கம்’ என்று நான் சொல்லியிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் அங்கே முக்கியமான வேலை என்பேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அதே கட்டடத்துக்குள் ஒரு முழு ஜப்பானிய வீடு இருக்கிறது. கியோட்டோவில் இருந்த பட்டு வியாபாரி ஒருவரின் வீடு. பாஸ்டனும் கியோட்டோவும் சகோதர நகரங்கள் என்பதால் பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள். பிரித்துக் கப்பலில் கொண்டுவந்து, ஜப்பானியத் தச்சர்களே வந்து மறுபடி பூட்டியிருக்கிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். பட்டுத்தறியில் வாழ்நாளைக் கழித்தவன் நான். தூரதேசத்தில் ஒரு பட்டு வியாபாரியின் கூடத்தில், பாயில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கண் கலங்கிவிட்டது. நம் சேலம் வெண்பட்டுக்கு இப்படி ஒரு கூடம் யார் கட்டப் போகிறார்கள்?

அஸ்தம்பட்டி அம்மா:

ஐயா, படிக்கும்போதே ஆசையாக இருக்கிறது. எங்களுக்குக் கிடைப்பதெல்லாம் மால்களில் இருக்கிற விளையாட்டுக் கூடம்தான். பந்துக்குளம், சறுக்கு, காதைக் கிழிக்கிற பாட்டு, மணிக்கணக்குக்குக் காசு. ஒரு தடவை என் பெண் ஒரு கதவின் கீலைத் திறந்து மூடி, திறந்து மூடி ரசித்துக்கொண்டிருந்தாள். ‘பாப்பா, அங்க போய் விளையாடு’ என்று பணியாளர் சறுக்கு மேல் ஏற்றிவிட்டார். நல்ல மனசோடுதான் செய்தார். ஆனால் அவளுக்கு வேண்டியது அந்தக் கீல்தானே. நேரம் முடிந்தது என்று மணி அடித்ததும் அழுதுகொண்டே வந்தாள்.

சென்னை எழும்பூர் மியூசிய வளாகத்தில் குழந்தைகள் அருங்காட்சியகம் பார்த்திருக்கிறோம். பழைய நாகரிகங்களின் பொம்மைகள் அழகாக இருந்தன. எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அருமை. நாம் பேசுவது அதற்கு முந்தின வயசு. அந்த வயசுக்கு நம் பக்கம் யாருமே யோசிப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஏற்காடு அங்கன்வாடி டீச்சர்:

யோசிக்கிறோம் அக்கா, பெயர்ப்பலகைதான் இல்லை. காபி பறிக்கிற மாதங்களில் அம்மாக்கள் விடியலிலேயே எஸ்டேட்டுக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் நாள் முழுக்க எங்களோடுதான். வாங்கி வைத்த பொம்மைகள் சீக்கிரம் உடைந்துவிடுகின்றன. அதனால் மலையில் கிடைப்பதையே ஒரு மூலையில் பரப்பி வைத்திருக்கிறேன். கோணிச் சாக்கு, பாசி படிந்த கட்டை, ஒரு பக்கம் பச்சையும் மறுபக்கம் வெள்ளியுமாக இருக்கும் சில்வர் ஓக் இலைகள், சீசனில் ஆரஞ்சுத் தோல். காபிக்கொட்டையும் மிளகும் கையில் தருவதே இல்லை, மூக்கில் போட்டுக்கொள்வார்கள். பாட்டிலில் அடைத்து மூடியை ஒட்டிவிட்டேன். குலுக்கினால் காபிக்கு ஒரு சத்தம், மிளகுக்கு ஒரு சத்தம். கண்ணை மூடிக்கொண்டே எது எது என்று சரியாகச் சொல்கிறார்கள்.

இங்கே இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது, 1963இல் ஏற்படுத்தியது. பூச்சி பிடிக்கும் குடுவைச் செடியும் அங்கே உண்டு. பிள்ளைகளைக் கூட்டிப் போனபோது எல்லோரும் பூவை விட்டுவிட்டு அந்தச் செடி முன்னால் நின்றுவிட்டார்கள். ‘டீச்சர், இந்தச் சொம்புல யாரு தண்ணி ஊத்துனது?’ என்று ஒரு பையன் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. திரும்பி வந்ததும் களிமண்ணில் ஆளுக்கொரு சொம்பு செய்து, மூடி எங்கே வைப்பது என்று அவர்களுக்குள்ளேயே பெரிய விவாதம். ஈ உள்ளே போக வழி வேண்டும், ஆனால் வெளியே வரக் கூடாது. அந்த முடிவுக்கு அவர்களாகவே வந்தார்கள்.

அம்மாப்பேட்டை தறிக்காரர்:

டீச்சர், நீங்கள் பாட்டிலில் அடைத்தது ரொம்பச் சரி. அமெரிக்காவில் மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மைகளுக்கு ஒரு குழாய் வைத்துச் சோதனை செய்கிறார்கள். சுமார் 3.2 சென்டிமீட்டர் அகலம். அதற்குள் முழுசாக அடங்கிவிடுகிற எதுவும் கூடாது.

இப்படிப் பிள்ளைகள் தொட்டு விளையாட, சேலத்தில் ஒரே ஒரு அறை கிடைத்தால் போதும். அரசு அருங்காட்சியகத்திலேயே ஒரு பக்கம் ஒதுக்கினாலும் சந்தோஷம். ஜவ்வரிசி எப்படி உருண்டையாகிறது? ஈரமான கிழங்கு மாவைத் துணித் தொட்டிலில் போட்டு ஆட்ட ஆட்டத் திரண்டு வரும். அந்தத் தொட்டிலைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பாருங்கள், விடவே மாட்டார்கள்.  செவ்வாப்பேட்டைக் கொலுசுகளில் முத்து வைத்தது, வைக்காதது என்று காலில் கட்டி நடக்கவிடலாம். பாவுக்கு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலுக்குப் பதிலாகக் கயிறு கட்டிய சின்னச் சட்டம் ஒன்று, குறுக்கே ஓடும் ஊடைக்குப் பழைய சேலைக் கிழிசல். என் வீட்டில் குழித்தறியின் மிதிபலகையும், ஊடை நூலைக் குறுக்கே கொண்டு ஓடும் மரக்கட்டையான நாடாவும், அந்த நூலைச் சுற்றும் தார்க்குச்சிகளும் சும்மா கிடக்கின்றன. எல்லாம் தருகிறேன்.

ஏற்காடு அங்கன்வாடி டீச்சர்:

முதலில் எங்கள் மூலைக்கே கொடுங்கள் ஐயா, அறை கிடைக்கும்வரை இங்கே இருக்கட்டும். நாடாவின் இரண்டு முனையிலும் இரும்பு கூராக இருக்குமே, அதை மட்டும் கழற்றி, மரத்தை வழவழவென்று தேய்த்துக் கொடுத்தால் நல்லது.

அஸ்தம்பட்டி அம்மா:

சட்டம் செய்யும் தச்சர் எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார். பழைய சேலை என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை தறியைப் பார்க்க வரலாமா ஐயா?