விளையாட்டு வழியாக இணையத்தில் நண்பர்கள் கிடைத்தவர்கள் இருக்கிறீர்களா?

புனேவாசி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 26 வயது. சொந்த ஊர் திருவண்ணாமலை, வேலைக்காகப் புனேயில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே வேலை என்பதால் ஆபீஸ் நண்பர்கள் என்று யாரும் இல்லை. கூடத் தங்கியிருப்பவனுக்கு நைட் ஷிப்ட். நான் எழும்போது அவன் தூங்கப் போவான். மராத்தி இன்னும் பிடிபடவில்லை.

லிசெஸ் என்ற இணையச் செஸ் தளத்தில் மூன்று நிமிட செஸ் ஆடுகிறேன். தினமும் யார் யாரோடோ ஆடுகிறேன், மறுநாள் ஒரு பெயர்கூட நினைவில் நிற்பதில்லை. ‘குட் கேம்’ என்று எழுதி முடிப்பதற்குள் எதிராளி அடுத்த ஆட்டத்துக்குப் போயிருப்பார். லூடோவும் ஆடிப் பார்த்தேன். அங்கே பேச வருகிறவர்கள் இரண்டாவது வரியிலேயே போன் நம்பர் கேட்கிறார்கள்.

முன்பின் தெரியாதவர்களோடு விளையாடிப் பழகி, நிஜமாகவே நண்பர்களானவர்கள் இங்கே உண்டா? என்ன விளையாட்டு, எப்படி ஆரம்பித்தது? எனக்குத் தமிழ்ச் செய்யுள் பிடிக்கும், பள்ளியில் வேகமாக மனப்பாடம் செய்வேன். வேறு பெரிய திறமை எதுவும் கிடையாது.

கோபி அக்கா:

தம்பி, செய்யுள் பிடிக்கும் என்று கடைசியில் சொன்னீர்களே, அங்கேயே ஆரம்பிக்கலாம்.

நான் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். கடை அடைத்து, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி வைத்த பிறகு எனக்கு ஒரு விளையாட்டு உண்டு. டெலிகிராமில் சின்னதாக ஒரு ஈற்றடிக் குழு. வாரத்துக்கு ஒருவர் வெண்பாவின் கடைசி அடியை மட்டும் போடுவார். மேலே உள்ள மூன்றடியை மற்றவர்கள் எழுத வேண்டும். காளமேகப் புலவருக்கு ஈற்றடி கொடுத்துப் பாடச் சொன்ன கதைகளைப் படித்திருப்பீர்கள், அதே ஆட்டம்தான். இணையத்திலும் இது புதிதல்ல. சந்தவசந்தம் மாதிரி மரபுக்கவிதைக் குழுக்கள் யாஹூ காலத்திலேயே இருந்தன. 2020இல் யாஹூ தன் குழுக்களை மூடியபோது இலக்கணம் தெரிந்த எத்தனையோ பேர் எழுதிய பழைய மடல்கள் போய்விட்டன. எனக்கு இன்றைக்கும் அது வருத்தம்தான்.

சரி, எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். போன மழைக்காலத்தில் நான் கொடுத்த ஈற்றடி ‘மழைவந்தால் தேநீர் மணம்’. சேலத்துப் பையன் ஒருவர் அப்போதுதான் சேர்ந்திருந்தார். பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டே எழுதி அனுப்பினார். மூன்றாவது அடி இப்படி:

அழைக்கும் டீக்கடை அண்ணாச்சி கையில்

வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தளை தட்டுகிறது, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு இலக்கணப்படி சேரவில்லை. ‘அழைக்கும்’ என்பதில் ‘அழைக்’ இரண்டெழுத்து சேர்ந்து ஒலிக்கும் நிரையசை, ‘கும்’ தனித்து ஒலிக்கும் நேரசை. இப்படி நேரில் முடியும் ஈரசைச் சீர் மாச்சீர். மாவுக்குப் பின் நிரையில் தொடங்கும் சீர் வர வேண்டும். ‘டீக்’ நேரசை. வெண்பா இதற்கு இடம் கொடுக்காது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் எங்கள் குழுவில் இருக்கிறார். அவரும் பையனும் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. “தம்பி, கடையை எடுத்துப்போட்டு நடைபாதையை வைச்சுப் பாருங்கோ” என்று எழுதினார். அவ்வளவுதான், பாட்டு நிமிர்ந்துவிட்டது:

வண்டிக்குக் காத்திருந்து வாடிநான் நின்றாலும்
உண்டிங்கோர் இன்பம் உறவாகக் – கண்டே
அழைக்கும் நடைபாதை அண்ணாச்சி கையில்
மழைவந்தால் தேநீர் மணம்

‘நடைபாதை’ புளிமாங்காய், நிரையில் தொடங்குகிறது. இப்படி நேரில் முடியும் மூவசைச் சீர் காய்ச்சீர்; காய்க்குப் பின் நேர் வர வேண்டும், ‘அண்ணாச்சி’ பொருந்திவிட்டது.

ஆனால் பையன் விடவில்லை. என் அண்ணாச்சிக்குக் கடை இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது, அவரை எப்படி நடைபாதையில் நிறுத்துவது என்று சண்டைக்கு வந்தார். கடை எப்படி இருக்கும் என்று வாத்தியார் கேட்டார். இவர் மறுநாள் பெஞ்சையும் பாய்லரையும் படமெடுத்துப் போட்டார். அவர் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிக்கிற தன் வீட்டுப் பழக்கத்தை எழுதினார். அன்றைக்கு ராத்திரி குழுவில் வெண்பா யாரும் எழுதவில்லை, எல்லோரும் தேநீரையே பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம் பையனின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் தினமும் சாயங்காலம் விசாரித்தது அந்த வாத்தியார்தான். இருவரும் இன்னும் நேரில் பார்த்ததில்லை.

அதனால் என் கருத்து இது. வேகமாக வென்று முடிக்கிற ஆட்டத்துக்கு எதிரே யாராவது ஒருவர் இருந்தால் போதும், அது யாராக இருந்தாலும் ஒன்றுதான். ஒருவர் பாதியில் விட்டதை இன்னொருவர் எடுத்து முடிக்கிற விளையாட்டில் அப்படி இருக்க முடியாது. அவர் வரியைத் திருத்த வேண்டுமானால் அவர் எந்த டீக்கடையைச் சொல்கிறார் என்று கேட்டாக வேண்டும்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது, முதல் வாரம் எழுதவே வேண்டாம். மற்றவர்கள் வரியைப் படித்து, எது பிடித்தது, ஏன் பிடித்தது என்று சொல்லுங்கள். தனிச்செய்தி அனுப்பாதீர்கள், பொதுவிலேயே பேசுங்கள்.

உங்கள் ஊருக்காக ஒரு ஈற்றடி: ‘மலையெல்லாம் தீப மலர்’. முயன்று பாருங்கள்.

காரைக்குடிக் குதிரை:

அக்கா சொன்னது சரி, ஆனால் செஸ்ஸை விட்டுவிடாதீர்கள் தம்பி. அதே லிசெஸ்ஸில் கரெஸ்பாண்டென்ஸ் ஆட்டம் இருக்கிறது. ஒரு நகர்த்தலுக்கு 1 நாளிலிருந்து 14 நாள் வரை வைத்துக்கொள்ளலாம். நான் 3 நாள் வைப்பேன். போலந்துக்காரர் ஒருவரோடு அப்படித்தான் பழக்கம். ரயில் ஓட்டுகிறவர். அவர் டியூட்டி முடிந்து வந்து நகர்த்தும்போது இங்கே விடிந்திருக்கும். ஆட்டம் முடிந்ததும் அதை ஒரு ‘ஸ்டடி’யாகப் போட்டு, இருவரும் அம்புக்குறி போட்டு, குறிப்பு எழுதி அலசுவோம். தோற்ற ஆட்டத்தில்தான் பேச்சு அதிகம். அதற்கெல்லாம் காசு எதுவும் கிடையாது, விளம்பரமும் கிடையாது.

நெல்லைத் தென்றல்:

லூடோவில் நம்பர் கொடுக்காமல் வந்தது நல்லது. டெலிகிராமில் சேரும் முன் பிரைவசி அமைப்பில் போன் நம்பர் யாருக்கும் தெரியாதபடி மாற்றிவிட்டு, யூசர்நேம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவனிடம் ஒரு வினாடி வினாக் குழுவில் ஒருவர் வாரக்கணக்கில் அன்பாகப் பேசினார். அப்புறம் மெல்ல, தான் ஷேர் வர்த்தகத்தில் சம்பாதிப்பதாக ஆரம்பித்து, ஒரு ஆப்பை இறக்கச் சொன்னார். பையனின் சேமிப்பு போய்விட்டது. பேச்சு காசுப் பக்கம் திரும்பினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் போய்விட்டால் கூச்சப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு போன் செய்ய வேண்டும், தாமதிக்கத் தாமதிக்க மீட்பது கஷ்டம். காசு கட்டி ஆடும் ஆட்டங்களுக்கு எதிராக 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமே போட்டிருக்கிறது; அந்த மாதிரி அழைப்பு வந்தால் தொடவே தொடாதீர்கள்.

புனேவாசி:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, தீபத்தன்று கிரிவலப் பாதையில் அப்பா தோளில் உட்கார்ந்து போனது நினைவுக்கு வந்தது. மூன்றாம் அடி மட்டும் வந்திருக்கிறது:

அலையாய் நகரும் ஆட்களின் மேலே
மலையெல்லாம் தீப மலர்

எங்கேயோ இடிக்கிற மாதிரி இருக்கிறது. எங்கே என்று தெரியவில்லை.

காரைக்குடிக் குதிரை:

நான் செஸ் ஆள்தான், ஆனாலும் அக்கா விளக்கத்தைப் படித்துவிட்டு அசை பிரித்துப் பார்த்தேன். ‘நகரும்’ மாச்சீர், பின்னால் ‘ஆட்’ நேர். ‘நகர்கின்ற’ என்று வைத்தால் காய்ச்சீர் ஆகிவிடுமே? அக்கா, சரியா?

கோபி அக்கா:

முற்றிலும் சரி! ‘அலையாய் நகர்கின்ற ஆட்களின் மேலே’. மோனையும் எதுகையும்கூட நன்றாக அமைந்துவிட்டன. தம்பி, அப்பா தோளை விட்டுவிடாதீர்கள், முதல் இரண்டடிக்கு அதுதான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதி இங்கேயே போடுங்கள். காரைக்குடியாரே, நீங்களும் ஒன்று எழுதுகிறீர்கள், சொல்லிவிட்டேன்.