கடைமடையில் வெள்ளத்தையும் உப்பையும் தாங்கிய நெல்

முழுதாக மூழ்கிய பயிர் பிழைக்குமா என்று கேட்டிருந்த நண்பர்களுக்காக, நாகை மாவட்டத்துக் கடைமடையில் சம்பா சாகுபடி செய்யும் எங்கள் குடும்பம் கண்டதை எழுதுகிறேன்.

ஒரு வயலில் ஆந்திரா பொன்னியும், வரப்புக்கு அந்தப் பக்கம் வெள்ளம் தாங்கும் சி.ஆர். 1009 சப்1 ரகமும் நட்டிருந்தோம். தூர் கட்டும் பருவத்தில் பெய்த கனமழையில் இரண்டும் இலைநுனிகூடத் தெரியாமல் ஒரு வாரத்துக்கு மேல் மூழ்கிக் கிடந்தன. தண்ணீர் வடிந்ததும் ஆந்திரா பொன்னி வெளிறி, நெடுநெடுவென நீண்டு சேற்றில் சாய்ந்திருந்தது. பிடுங்கிப் பார்த்தபோது அடித்தண்டு கூழாகி நாறியது. சப்1 பயிரும் இலை பழுத்து, பார்வைக்குச் செத்ததுபோலத்தான் நின்றது. ஆனால் அதன் அடித்தண்டை நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே வெண்மையாகவும் உறுதியாகவும் இருந்தது. சில நாட்களில் அங்கிருந்துதான் புதுக் குருத்து வெளிவந்தது.

இதற்கான காரணத்தை அறிந்தபோது உண்மையிலேயே வியந்தேன். காற்றில் பரவுவதைவிட நீரில் வாயுக்கள் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவுவதால், மூழ்கிய பயிருக்குள் அதுவே உண்டாக்கும் எத்திலீன் என்ற வாயு தேங்கிவிடுகிறது. அதன் தூண்டுதலால் சாதாரண ரகங்கள் நீருக்கு மேலே எட்டிவிட முயன்று வேகமாக நீள்கின்றன. அந்த முயற்சியிலேயே தண்டில் சேர்த்து வைத்த மாவுச்சத்தைத் தீர்த்துவிட்டு, நீர் வடிந்தபின் நிமிரத் தெம்பில்லாமல் விழுகின்றன. சப்1ஏ மரபணு உள்ள பயிரோ வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, இருப்பைக் காத்து, சுமார் 2 வாரம் வரை தாக்குப்பிடிக்கிறது. ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எப்.ஆர். 13ஏ ரகமே இந்த மரபணுவுக்கு மூலம். 2006இல் அதை அடையாளம் கண்டார்கள். தண்ணீர் கலங்கலாக இருந்தால் வெளிச்சம் இலைக்கு எட்டாது என்பதால் தாங்கும் நாட்கள் குறையும். முழங்கால் அளவு நீர் மாதக்கணக்கில் தேங்கும் பள்ளத்துக்கு இந்தக் குட்டை ரகம் பொருந்தாது. நடுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு நடுவது நல்லது.

நீர் வடிந்த மறுநாளே உரம் போட அவசரப்பட வேண்டாம் என்பது என் பணிவான வேண்டுகோள். புதுக் குருத்தும் வெள்ளை வேரும் கண்ணில் பட்டபிறகு யூரியாவுடன் பொட்டாஷும் சேர்த்து இடுவதே பயிருக்குப் பிடிக்கிறது.

உப்பு விஷயம் வேறு. சப்1ஏ மரபணு உப்பைத் தாங்கும் தன்மையைத் தருவதில்லை. கடல்நீர் வடிகால் வழியே மேலேறும் எங்கள் ஓரத்து வயலில், உப்புப் பட்ட பயிரின் முதிர்ந்த இலைகள் முதலில் நுனியிலிருந்து கருகுவதையும், குருத்து மட்டும் பச்சையாக இருப்பதையும் கவனித்திருக்கிறேன். தாங்கும் ரகங்கள், வேரிலிருந்து ஏறும் சாற்றில் வரும் சோடியத்தை வழியிலேயே திரும்ப எடுத்துக்கொண்டு இளம் இலைக்குப் போகாமல் தடுக்கின்றன. தப்பிப் போவதையும் பழைய இலைகளிலும் இலையுறையிலும் ஒதுக்கி வைக்கின்றன. கேரளத்தின் பொக்காளி நெல்லில் இந்தத் தன்மைக்கான மரபுக்கூறு முதலாம் குரோமோசோமில் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நம் பக்கத்தில் வேதாரண்யம் வட்டாரத்துக் குழிவெடிச்சான் உப்பு நிலத்துக்குப் பேர்போனது.

நாற்றுப் பருவமும் பூக்கும் பருவமுமே நெல் உப்புக்கு மிகவும் அஞ்சும் காலங்கள். தூர் நன்றாகக் கட்டிய பயிர்கூடப் பூக்கும்போது உப்புநீர் ஏறினால் கதிர் முழுக்கப் பதராகிவிடும். ஆகவே நாற்றங்காலை மேட்டில், நல்ல தண்ணீர் கிடைக்கும் இடத்தில் போடுகிறோம். நட்ட வயலில் மழைநீரைத் தேக்கி வடித்து உப்பைக் கழுவிவிடுகிறோம். களர் தன்மை இருப்பதாக மண் பரிசோதனையில் தெரிந்த துண்டுக்கு மட்டும், மண்ணைப் பற்றியிருக்கும் சோடியத்தைச் சுண்ணாம்புச் சத்து விலக்குவதற்காக ஜிப்சம் இட்ட பிறகு இதைச் செய்கிறோம். உள்பக்கத்துப் பள்ளத்தில் சப்1, வடிகால் ஓரத்தில் குழிவெடிச்சான் என்று இப்போது பிரித்து நடுகிறோம். இரண்டு தன்மையும் ஒருசேர அமைந்த ரகத்தை யாரேனும் கடலோரத்தில் பயிரிட்டிருந்தால், எந்தப் பருவத்தில் உப்பு ஏறியது, எத்தனை நாள் மூழ்கியது என்ற விவரத்தோடு எழுதுங்கள்.